பதினாலாம் நம்பர் பேட்ச்

பத்து மணிக்கு என்சைம ஊத்தியாச்சு. இனி ரெண்டு மணி வரைக்கும் இந்த ஸ்டூல விட்டு எந்திரிக்க முடியாது. அதுவும் ஒரு வகைக்கு நல்லதுதான், ஓட வழியில்லாத எடத்துல உக்காந்தாத்தான் மனுசன் வாயத் தொறப்பான்னு நினைச்சுக்கிட்டே ஆவுடையப்பன் காரத்தண்ணி நெறஞ்ச பியூரெட் குழாயோட திருகை லேசா அசைச்சாரு. கண்ணாடி மூக்குல ஒரு சொட்டு திரண்டுச்சு, கொஞ்சம் யோசிச்சுச்சு, விழுந்துச்சு. கீழ தண்ணித் தொட்டியில அம்பது டிகிரி சூட்டுல குடுவை. குடுவைக்குள்ள தினைத் தவிட்டுல இருந்து பிரிச்செடுத்த புரோட்டீன், நீத்துப்போன டீ நிறத்துல சுத்திக்கிட்டு இருக்கு. அடியில காந்தக் குச்சி கடகடன்னு உருளுது. பக்கத்துல பி.எச். மீட்டர்: 8.02. அது எட்டுலயே நிக்கணும், அம்புட்டுதான் ஆவுடையப்பனோட உத்தியோகம். என்சைம் புரோட்டீன வெட்ட வெட்ட தண்ணி புளிக்கும், நம்பர் இறங்கும், இறங்கினா ஒரு சொட்டு காரத்தண்ணி விட்டு ஏத்தணும், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நோட்டுல எழுதணும். பத்து அஞ்சு, 8.0. பாக்குறவனுக்கு இது வேலையாவே தெரியாது. ஒருதடவ டிப்பார்ட்மெண்ட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி இவரப் பாத்து, உடம்பு சரியில்லாதவரு போலருக்கு, உக்கார வச்சிருக்காகன்னு நினைச்சுக்கிட்டு, பாத்து இருந்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. சரி. பதினொண்ணே காலுக்குள்ள சொல்லிரணும். ரெண்டு மணிக்குள்ளன்னுதான் காலையில பஸ்ஸுல வரும்போது முடிவு பண்ணியிருந்தாரு. ஆனா புரோட்டீன் பாட்டில எடுத்துத் தட்டும்போதுதான் பாத்தாரு, அடி வரைக்கும் வந்துருச்சு, இன்னொரு பேட்ச்சுக்குக் காணாது. அந்தத் தவிடு அந்த ஒரு அறுப்போட தவிடு, வேற மூடை வாங்குனா வேற கதை. அப்ப இதுதான் கடைசி. பதினாலாம் பேட்ச் போட்ட அன்னைக்கு நடந்தது பதினொண்ணே காலுக்கு நடந்துச்சு. இன்னைக்கும் பதினொண்ணே காலுக்கு நடந்தாத்தான் அது அது. அதுக்கப்புறம் சொன்னா, சொன்னவனுக்கு வேணா மனசு லேசாகும், அந்தப் பிள்ள பெனிட்டாவுக்கு ஒரு பிரயோஜனமும் கெடையாது.

இது இருபதாம் நம்பர் பேட்ச். பதினஞ்சுல இருந்து பத்தொம்பது வரைக்கும் அஞ்சும் வீண். வீண்னா கெட்டுப்போகல, பொடி நல்லாத்தான் வந்துச்சு. எலியோட மண்ணீரல்ல இருந்து நோயெதிர்ப்பு அணுக்கள எடுத்துத் தட்டுல வச்சு அதுமேல இந்தப் பொடியக் கரைச்சு விடுவாக, பொடியில தெம்பு இருந்தா அணுக்கள் பெருகும். அஞ்சு பேட்ச்சுக்கும் அதுக ஏறெடுத்துப் பாக்கல. பதினாலுக்கு மட்டும் பந்தி போட்டுட்டாகன்னு கேள்விப்பட்ட மாதிரி எந்திரிச்சு வந்துச்சுக, ரெண்டு மடங்கு. பெனிட்டாவோட ஆராய்ச்சியில நாலாவது அத்தியாயம் முழுக்க அந்த ஒத்த பேட்ச்சு மேல நிக்குது. மூணு வருசம். நாசரேத்துல இருந்து வந்து, ஹாஸ்டல் சாம்பார நம்பி உசுரோட இருக்குற பிள்ள. திருப்பிச் செஞ்சு வரலைன்னா அது தற்செயல், இல்லைன்னா பொய். அவளுக்கு கைடு வேதவல்லி மேடம் போன வாரம் ரெண்டாவதத்தான் கேட்டாக. சத்தமெல்லாம் போடல, கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே, "உனக்குப் பிடிச்ச நம்பர நீ எழுதிரலையேம்மா"ன்னு. ஆவுடையப்பன் அப்ப மூலையில குடுவை கழுவிக்கிட்டு நின்னாரு. கழுவுன குடுவையவே மறுபடி கழுவுனாரு. "இன்னைக்கு மூணு மணிக்கு நோட்ட எடுத்துக்கிட்டு ரூமுக்கு வா, அத்தியாயத்த வைக்கிறதா எடுக்கிறதான்னு பேசிருவோம்"னு மேடம் சொல்லியிருக்காக. எடுத்துட்டா ஆராய்ச்சியில பாதி இல்ல, உதவித்தொகை மார்ச்சோட முடிஞ்சுபோச்சு, பிள்ள பொட்டியக் கட்ட வேண்டியதுதான். கட்டிட்டுப் போனாக்கூடப் பரவால்ல, நம்பர வரைஞ்சவன்னு பேரும் சேந்து போகும். வரைஞ்சது யாரு. பத்து பத்து, 8.0. இது நெசம், மீட்டரப் பாத்து எழுதுனது. ஒவ்வொரு தடவ எழுதும்போதும் இப்பெல்லாம் இது நெசம்னு மனசுக்குள்ள ஒரு முத்திரை குத்த வேண்டியிருக்கு.

அந்த 8.1 தான். மத்ததக்கூட மறந்துரலாம், அந்த 8.1 தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்கும். அன்னைக்குப் பதினொண்ணே கால் எழுதி முடிச்ச கையோட பாக்கெட்டுல போன் நடுங்குச்சு. இந்த லேப் தரைக்குக் கீழ இருக்கு, மணி அடிக்கும், பேச்சு கேக்காது. ஆஸ்பத்திரி நம்பர். புத்துநோய்க்கு மருந்து ஏத்துன பொண்டாட்டி கோமதிய அங்க சேத்து நாலு நாள். பெனிட்டா எலிக்கூட்டுப் பக்கம் போயிருந்தா, கூப்புட ஆளில்ல. ரெண்டு நிமிசந்தானேன்னு படியேறி ரெண்டாவது மாடி வரைக்கும் ஓடுனாரு, அங்கதான் தண்ணித் தொட்டி பக்கத்துல ரெண்டு கோடு சிக்னல் வரும். "சார், உங்க வைஃபுக்கு வெள்ளையணு ஆயிரத்துக்குக் கீழ போயிருச்சு, டாக்டர் பேசணுங்காரு, லைன்லயே இருங்க." இருந்தாரு. போனுக்குள்ள ஏதோ ஒரு வீணை, அஞ்சு செகண்டு வாசிக்கும், நிக்கும், முதல்ல இருந்து வாசிக்கும். அதைக் கேட்டுக்கிட்டே தொட்டிச் சுவத்துல பாசி எங்க எங்க பிடிச்சிருக்குன்னு முழுசாப் பாத்து முடிச்சாரு. ஆயிரத்துக்குக் கீழன்னா எம்புட்டு கீழ. பத்து வருசமா வெள்ளையணு, வெள்ளையணுன்னு இந்த லேப்ல காதுல விழுந்துக்கிட்டு இருக்கு, எலிக்கு ஏறுனா கைதட்டுவாக, இறங்குனா வேற எலி. டாக்டர் வந்து, ஊசி போட்டா ஏறும், அடுத்த மருந்து ஒரு வாரம் தள்ளும்னு சொல்லிட்டுக் கேட்டாரு, "வீட்டுல வேற எதாவது குடுத்தீங்களா, கஷாயம், பொடி, அந்த மாதிரி?" "இல்ல டாக்டர்." இது முதப் பொய். இறங்கி வந்தப்ப மணி பதினொண்ணு நாப்பத்தொண்ணு. மீட்டர் 7.1. திருகைத் திறந்து கடகடன்னு விட்டாரு, எட்டு வந்துருச்சு. நோட்டுல அஞ்சு கட்டம் காலி. காலியா விட்டிருக்கலாம். எந்திரிச்சுப் போயிட்டேன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். 8.0ன்னு எழுதுனாரு. அடுத்ததும் 8.0. மூணாவது எழுதும்போது, எல்லாம் ஒண்ணுபோல இருந்தா யாராவது ஒரு மாதிரி பாப்பாகளேன்னு 8.1. நாலாவது 8.0. அஞ்சாவது 7.9. பயத்துல எழுதுறவன் 8.0தான் எழுதுவான். 8.1 எழுதுறவன் கலைஞன். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்ச ஆவுடையப்பனுக்குள்ள இம்புட்டுக் கலை இருந்துருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. பத்து இருவது, 8.0. நெசம்.

கதவு சத்தம். பெனிட்டா தலைமுடிய அள்ளி முடிஞ்சு அதுல ஒரு பேனாவச் சொருகிக்கிட்டு வந்தா. மூஞ்சி தூங்காத மூஞ்சி. குடுவைக்குப் பக்கத்துல குனிஞ்சு மோந்து பாத்தா. "அண்ணாச்சி, இந்த வாடைக்கு எங்க ஹாஸ்டல் ரசமே தேவல." "ஹாஸ்டல் ரசத்துல புரோட்டீன் கெடையாது, வாடை எங்குட்டிருந்து வரும்"னாரு. சிரிச்சா, சிரிப்பு பாதியிலயே நின்னுபோச்சு. "இன்னைக்கு தண்ணிய மூணு தடவ காய்ச்சி வடிச்சேன். குடுவைய நானே கழுவுனேன். நீங்க கழுவுனது சரியில்லன்னு சொல்லல, கோவிச்சுக்கிடாதிய." "கோவிக்கிறதுக்கு என்ன இருக்கு." "என்சைம் புதுப் பாட்டில். காந்தக் குச்சிகூட பழசையே தேடி எடுத்துப் போட்டுருக்கேன், பதினாலுக்குப் போட்டது. பைத்தியம் மாதிரி இருக்குல்ல?" இப்பச் சொல்லு. வாயத் தொறந்தாரு. "அந்தக் குச்சியில நுனி தேஞ்சுருக்கும், அதான் சத்தம் போடுது"ன்னு ஒரு வாக்கியம் வெளிய வந்துச்சு. யாரு கேட்டா குச்சியப் பத்தி. அவ தலையாட்டிட்டு உள் ரூமுக்குப் போயி ஐஸ் பெட்டிய உருட்டிக்கிட்டு இருந்தா. ஆறு வாரத்துக்கு முன்னால ஒருநாள் இதே எடத்துல நின்னு நேருக்கு நேராக் கேட்டா, "அண்ணாச்சி, அன்னைக்கு எதாவது வித்தியாசமா நடந்துச்சா, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு. இவரும் யோசிக்கிற மாதிரி மோட்டுவளையப் பாத்துட்டு, "இல்ல பிள்ள"ன்னாரு. யோசிக்கிற மாதிரி பாத்ததுதான் பெரிய அசிங்கம். சும்மா இல்லைன்னு சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லல. கேட்டா பதில் ரெடியா இருக்கு, ஒப்பந்த வேலை, பதினொரு மாசத்துக்கு ஒருதடவ புதுப்பிக்கணும், லேப்ல குடுவைய விட்டுட்டு எந்திரிச்சுப் போனவன், போதாக்குறைக்கு நம்பர் போட்டவன், அவன யாரு புதுப்பிப்பா, கோமதிக்கு இன்னும் ஒரு வருசம் மாத்திரை இருக்கு. இது நல்ல பதில், ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா அது பதில் இல்லைன்னு அவருக்கே தெரியும். சொன்னா டாக்டர்கிட்டச் சொன்ன பொய்யும் சேந்து வெளிய வரும், அது வந்தா அந்த ஒரு ஸ்பூனு வரும். அந்த ஸ்பூன் மேலதான் யாரும் கைவைக்கக் கூடாது. பன்னெண்டாம் நம்பர் பேட்ச்சுல மிஞ்சுன பொடி. பெப்டைடு பெப்டைடுன்னு கேட்டுக் கேட்டு ஆவுடையப்பனுக்கு அது ஒரு ரயில் மாதிரி ஆகிப்போச்சு. புரோட்டீன்ங்கிறது நீள ரயிலு, என்சைம் மணியாச்சி ஜங்ஷன், அங்க பெட்டியக் கழட்டி விடுவாக. ரயிலா இருக்கறப்ப சும்மா சோறு. நாலு பெட்டி, அஞ்சு பெட்டியாத் துண்டு துண்டாப் போகும்போது, அந்தத் துண்டுகதான் பெப்டைடு, அதுல எதோ ஒரு துண்டு உடம்புல இருக்குற காவக்காரன் வீட்டுக் கதவத் தட்டும். எந்த எடத்துல கழட்டுறாகங்கறதுதான் விசயம், மாத்திக் கழட்டுனா திருச்செந்தூர் போறவன் நாகர்கோயில்ல எறங்குவான். இந்த அறிவ வச்சுக்கிட்டு ஒரு ஸ்பூன் பொடிய நோட்டுத்தாள்ல மடிச்சுக் கொண்டுபோயி, மொத மருந்து ஏத்தி வந்து சுருண்டு கெடந்தவளுக்குக் கஞ்சியில கலக்கிக் குடுத்தாரு. மேடம் நூறு தடவ சொல்லியிருக்காக, தட்டுல நடக்குறது வேற, மனுசன்ல நடக்குறது வேற, எலிக்கும் ஆளுக்கும் நடுவுல பத்து வருசத் தூரம்னு. இவரு பத்து வருசத்த ஒரு பஸ்ஸு டிக்கெட்டுல தாண்டிட்டாரு. கோமதி ஒரு வாய் வச்சா, மூஞ்சி கோணிச்சு. "என்னங்க இம்புட்டுக் கசக்கு. எலிக்குக் குடுக்குறதா?" "ஆமா." நெசத்தச் சொன்னா அவ நம்பல, சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே பாதியக் குடிச்சா. அதுல இருந்து எட்டாம் நாள் வெள்ளையணு ஆயிரத்துக்குக் கீழ. அந்தப் பாதி கிளாஸு கஞ்சியாலயா? வீணை வாசிக்கிற போன காதுல வச்சுக்கிட்டு ஆவுடையப்பன் கேட்டது அத ஒண்ணத்தான். பத்து அம்பது, 7.9. ஒரு சொட்டு. 8.0.

மருந்து ஏத்துனா இறங்கத்தான் செய்யும், எல்லாருக்கும் இறங்கும்னு டாக்டர் அப்புறம் சொன்னாரு. அப்புறம்னா, கோமதி போட்டு உடைச்சதுக்கு அப்புறம். அடுத்த தடவ போனப்ப அவ பாட்டுக்கு, "இவரு லேப்ல இருந்து எலித்தீனி கொண்டாந்து குடுத்தாரு டாக்டர், அத எழுதிக்கிடுங்க"ன்னுட்டா. டாக்டர் முதல்ல சிரிச்சாரு, அப்புறம் பேனாவ மூடி வச்சுட்டு ஒரு பத்து நிமிசம் ஆவுடையப்பன வகுந்தாரு. வெளிய வந்து, "என்னய ஏன் அங்க வச்சு மானத்த வாங்குன"ன்னு கேட்டதுக்கு, "எனக்குள்ள போனது என்னன்னு எனக்கு மருந்து குடுக்குறவனுக்குத் தெரியணுமில்ல. உங்க மானத்துக்கு வெள்ளையணு ஏறுமா?"ன்னு கேட்டா. மொட்டைத் தலையில துண்டக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு கேக்கா. அவளுக்கு ஊசியில ஏறிருச்சு, இப்ப தலையில அரை இஞ்சு முடி. அவ பங்குக்கு ஒரு பொய்ய அவ எடுத்துட்டா. மிச்சம் இவரோடது. அத இன்னைக்குக் காலையிலதான் சொன்னாரு, அவ டிபன் பாக்ஸ மூடிக்கிட்டு இருக்கும்போது, குனிஞ்சு செருப்ப மாட்டிக்கிட்டே, பாதிய செருப்புக்கிட்டச் சொல்ற மாதிரி. அவ மூடின பாக்ஸத் தொறந்து ஊறுகாய வச்சு மறுபடி மூடுனா. "அந்த போன் வந்தது எனக்காகத்தானே." "ஆமா." "நான்தான் உசுரோட இருக்கேன்ல. அப்புறம் அந்தப் பிள்ளைய ஏன் கொல்லுதீக?" அம்புட்டுதான் சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல, கேஸ் தீந்துபோச்சு, சொல்லி விடுங்கன்னு சொல்ற குரல்ல சொன்னா. வேலை போனா என்ன பண்ணன்னு கேக்க நினைச்சாரு. கேக்கல. பதில் தெரிஞ்ச கேள்விய ஏன் கேட்டுக்கிட்டு, போனா போகும்.

பதினொண்ணு அஞ்சு. சரி, இப்ப. "பெனிட்டா." சத்தம் இல்ல. "ஏ பிள்ள." உள் ரூமு அமைதியா இருக்கு. எட்டிப் பாத்தா தெரியற கண்ணாடியில ஆள் நிழலில்ல. பின்பக்கக் கதவு வழியா எலிக்கூட்டுக்குப் போயிட்டா. போனா கையுறை மாட்டி, செருப்பு மாத்தி, அரை மணி நேரம் ஆகும். அட. வாய் திறக்கத் துணிஞ்ச நேரத்துக்குக் காது இல்ல. ஓடிப் போயி கூப்புடலாமா. போக அஞ்சு நிமிசம், வர அஞ்சு நிமிசம், குடுவையத் தனியா விட்டுட்டு. அதாவது அதே தப்ப மறுபடி பண்ணி, பண்ணுன தப்பச் சொல்லப் போகணும். போன எடுத்தாரு, கோடு இல்ல. பதினொண்ணு பத்து, 8.0. அவ வர்றப்ப பதினொண்ணரை ஆகிருக்கும், மீட்டர் எட்டுல அழகா நின்னுக்கிட்டு இருக்கும், அப்ப சொல்லி என்ன, ஐயோ முன்னாடியே சொல்லியிருந்தா இன்னைக்குச் செஞ்சு பாத்துருக்கலாமேம்பா, அத ஆயுசுக்கும் கேட்டுக்கிட்டு இருக்கணும். திருகைத் தொடாம விட்டுட்டா? அது அவ பேட்ச். கடைசிப் பேட்ச். கேக்காம செய்யறது இன்னொரு தப்பு. செய்யாம விடுறது பழைய தப்பு. ரெண்டுக்கும் நடுவுல காந்தக் குச்சி கடகடங்குது. ஆனா முத ஏழெட்டு நிமிசத்துல பெருசா இறங்காது. அதுக்குள்ள வந்துட்டான்னா ரெண்டு சொட்டுல எட்டுக்குத் திருப்பிரலாம். வரலைன்னா? வராட்டியும் எழுதி வைப்போம், உள்ளது உள்ளபடி. பதினொண்ணே கால். 8.0. எழுதுனாரு. எழுதிட்டு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அதுமேல உக்காந்துக்கிட்டாரு.

சும்மா இருக்கறது இம்புட்டுக் கஷ்டம்னு அவருக்குத் தெரியாது. பத்து வருசமா இந்த நம்பர் இறங்குனா கை தானாப் போகும், தூங்குற குழந்தை உருளுறப்ப கை போற மாதிரி. 7.96. 7.93. தொடைக்கு அடியில கை துடிக்கி. 7.88. அன்னைக்கு இது இப்படித்தான் இறங்கிக்கிட்டு இருந்துருக்கும், பாக்க ஆளில்லாம, அவரு மாடியில பாசியப் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல. புளிச்ச தண்ணியில என்சைம் மந்தமாகி, வழக்கமா வெட்டுற எடத்த விட்டு வேற எடத்துல வெட்டியிருக்கும் போல. இல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஆவுடையப்பன் தப்பு பண்ணுனதாலதான் அறிவியல் நடந்துச்சுன்னு நினைக்கிறதுல ஒரு பெருமை எட்டிப் பாக்குது பாரு, அந்த 8.1 எழுதுன அதே ஆளு. சீ. பதினொண்ணு இருவது, 7.8. ஒரு கைய மட்டும் வெளிய எடுத்து எழுதிட்டுத் திரும்ப அடியில வச்சாரு.

பின்கதவு திறந்துச்சு. பெனிட்டா கையுறையக் கழட்டிக்கிட்டே வந்தவ பாதி வழியில நின்னுட்டா. அவ கண்ணு நேரா மீட்டருக்குத்தான் போச்சு.

"அண்ணாச்சி, 7.7 காட்டுது. தூங்கிட்டியளா?" ஓடி வந்து திருகுக்குக் கையக் கொண்டுபோனா.

"ஒரு நிமிசம் அத விடு பிள்ள. நான் சொல்றதக் கேட்டுட்டு நீ என்ன வேணா செய்யி. திருகு உன் கைக்கிட்டத்தான் இருக்கு, இப்ப விட்டாலும் எட்டுக்கு வந்துரும்."

சொன்னாரு. மாடி, தண்ணித் தொட்டி, ஆயிரத்துக்குக் கீழ, பதினொண்ணு நாப்பத்தொண்ணு, 7.1, அஞ்சு கட்டம். 8.1 ஏன் எழுதுனாருங்கறதையும் சொன்னாரு, அதுதான் வாயில இருந்து வர ரொம்ப நேரமாச்சு. அவ கேட்டபோது மோட்டுவளையப் பாத்ததையும் விடல. அவ திருகுக்குப் பக்கத்துல வச்ச கைய எடுக்கவும் இல்ல, திருப்பவும் இல்ல. மீட்டர் மட்டும் எறங்கிக்கிட்டே இருக்கு. முகத்துல ரத்தம் ஏறிருச்சு, உதட்ட மடிச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னா.

"ஆறு வாரம் அண்ணாச்சி"ன்னா. "ஆறு வாரமா நான் சோப்புத்தூளச் சந்தேகப்பட்டேன். தண்ணியச் சந்தேகப்பட்டேன். போன வாரம் மேடம் கேட்டதுக்கப்புறம், நெசமாவே நான்தான் எங்கயோ மாத்தி எழுதிட்டனோன்னு என்னையே சந்தேகப்பட்டேன். நீங்க அந்த மூலையில நின்னிய."

"நின்னேன்."

"குடுவைய ரெண்டு தடவ கழுவுனிய. இம்புட்டு சுத்தமான மனுசன்னு நினைச்சேன்."

மன்னிச்சுக்கோன்னு சொன்னா அவ பதில் சொல்ல வேண்டிவரும், அந்த வேலைய அவளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தாரு. 7.62. அவ கைய எடுத்தா. இன்னொரு ஸ்டூல காலால இழுத்துப் போட்டு உக்காந்து, தலையில சொருகியிருந்த பேனாவ உருவி, முடி அவுந்து விழுந்ததக்கூடக் கவனிக்காம நோட்டத் தன் பக்கம் திருப்புனா. பதினொண்ணு இருவத்தஞ்சு, 7.6. அவ கையெழுத்துல.

"நாப்பத்தொண்ணு வரைக்கும்?"

"நாப்பத்தொண்ணு வரைக்கும்."

அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மீட்டரப் பாத்துக்கிட்டு இருந்தாக, மழைக்கு ஒதுங்குன எடத்துல முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு மழையப் பாக்குற மாதிரி. பெனிட்டா நோட்டுல பின்னால பக்கத்தத் தள்ளி பதினாலாம் நம்பரத் திறந்தா. இந்த லேப்ல நோட்டுல எதையும் அழிக்கக் கூடாது, கிறுக்கவும் கூடாது, அவ ஆராய்ச்சிக்கு வந்த புதுசுல அவதான் இவருக்கு அதச் சொல்லிக் குடுத்தா. தப்பு மேல ஒத்தக் கோடு, கீழ உள்ளது படிக்கத் தெரியணும், பக்கத்துல கையெழுத்து, தேதி. இன்னைக்குத் தேதி, பழைய தேதி போடக்கூடாது. பேனாவ நீட்டுனா. அஞ்சு கட்டத்துலயும் கோடு போட்டாரு. நேராப் போட்டாரு. பக்கத்துல "ஆள் இல்லை, எடுக்கப்படவில்லை"ன்னு அவ சொல்லச் சொல்ல எழுதுனாரு. பத்து வருசத்துல லேப் நோட்டுல அவரு எழுதுன நீளமான வாக்கியம் அதுதான்.

"கோமதியக்காவுக்கு இப்ப எவ்வளவு?"

"அஞ்சாயிரத்து நானூறு."

"நல்லாருக்கே"ன்னா. சொல்லிட்டு, நல்லாருக்கேன்னு சொன்னதுக்குத் தன்மேலயே கோவம் வந்த மாதிரி முகத்தத் திருப்பிக்கிட்டா. "மூணு மணிக்கு மேடம்கிட்ட நான் இதச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"நான்தான் சொல்லுவேன். முன்னால நான் போறேன், நீ நோட்டோட பின்னால வா."

"வேலையவிட்டுத் தூக்கிருவாக."

"தூக்கட்டும். எழுபத்தெட்டு கிலோ இருக்கேன், மேடத்துக்கு இடுப்பு வலி வேற."

அவ சிரிக்கல. ஆனா மூக்கு லேசா விரிஞ்சுச்சு. பதினொண்ணு முப்பது, 7.4. முப்பத்தஞ்சு, 7.2. இது வருமா வராதான்னு ரெண்டு பேரும் பேசல. பேசி என்ன, கொதிக்க வச்சு, வடிச்சு, உறைய வச்சுப் பொடியாக்கி, எலியோட அணுக்கள் மேல போட்டுப் பாக்க ஒம்பது நாளாகும். வரலைன்னாலும் ஒண்ணு மட்டும் மாறப்போறதில்ல, பதினாலாம் பக்கத்துல அஞ்சு கோடு விழுந்தாச்சு, இனி அந்தப் பிள்ளைகிட்ட யாரும் பிடிச்ச நம்பரா எழுதுனன்னு கேக்க முடியாது, கேக்கணும்னா இவரத்தான் கேக்கணும். நாப்பது, 7.1. ஆவுடையப்பன் கைய எடுத்து முட்டி மேல வச்சாரு. விரலெல்லாம் மரத்துப்போய் எறும்பு ஊருது.

"நாப்பத்தொண்ணு"ன்னா பெனிட்டா. பேனா கட்டத்து மேல நின்னுச்சு. "அன்னைக்கு எத்தன சொட்டு விட்டிய?"

அவருக்குப் பதினஞ்சுன்னு வந்துச்சு. யாரும் கேக்காமலே வந்து நாக்கு நுனியில உக்காந்துருச்சு. பதினஞ்சு நல்ல நம்பரு. 7.1ல இருந்து எட்டுக்கு வரணும்னா அந்தச் சுமாருக்குத்தான் இருக்கும், தப்பாவும் இருக்காது. பதினாலுன்னு சொன்னா இன்னும் நம்புற மாதிரி இருக்கும்.

"எண்ணல"ன்னாரு.

"ஒரு சுமாரா? பத்தா, இருவதா?"

"தெரியாது பிள்ள. திருகைத் திறந்துவிட்டேன், எட்டு வந்ததும் மூடுனேன். எண்ணல."

அவ ஒரு நிமிசம் அவர நேராப் பாத்தா. காலையில இருந்து இப்பத்தான் அப்படிப் பாக்கா. குனிஞ்சு, பதினாலாம் பக்கத்துல அந்தக் கட்டத்துல "எண்ணவில்லை"ன்னு எழுதுனா. பக்கத்தத் திருப்பி, இன்னைக்குள்ள கட்டத்த வெறுமனே விட்டு, பேனாவ அவருகிட்டக் குடுத்தா. திருகை அவ எடுத்துக்கிட்டா.

"நான் விடுதேன்"ன்னா. "நீங்க எண்ணுங்க."

கண்ணாடி மூக்குல சொட்டு திரண்டுச்சு.

"ஒண்ணு"ன்னாரு ஆவுடையப்பன்.